இரவல் கோரஸ்

அசிமினா வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது புதிதல்ல. ஆனால் போன குளிர்காலத்தில் அவள் கொடுத்த வாக்கைக் கேட்டு அவளுடைய நண்பர்களே தலையில் கைவைத்துக்கொண்டார்கள். பண்டைக் கிரேக்க நாடகங்களைப் போடும் குழுக்களின் சங்கத்துக்கு அவள் தலைவியாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அத்தனை குழுத் தலைவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் எழுந்து, சங்கத்தின் பேரைப் போட்டுச் சுவரொட்டி ஒட்டிய எந்த நாடகமும் வரும் கோடையில் நிற்காது என்றாள். அப்படி ஒன்றாவது நின்றால், சங்கத்தைப் பிரிக்கும் தீர்மானத்துக்கு முதல் கை தன் கைதான் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

பிரிக்கத் துடித்தவர் அரிஸ்டிடிஸ். ஏதென்ஸில் பெரிய குழு அவருடையது. எழுபதைத் தாண்டிய பிறகும் கல்லரங்கின் உச்சிப் படிவரை ஒலிபெருக்கி இல்லாமல் போய்ச் சேரும் குரல். தான் நன்றாகப் பேசுவது அவருக்குத் தெரியும், அது தெரியும் என்பது பார்க்கிறவர்களுக்கும் தெரியும். சின்னக் குழுக்கள் ஊருக்கு ஊர் ஆள் வரவில்லை, வண்டி வரவில்லை என்று நாடகத்தை ரத்து செய்கின்றன, கெட்டுப்போவது சங்கத்தின் பேர், ஆகவே பெரிய குழுக்கள் தனியாகப் போய்விடலாம் என்பது அவர் கட்சி. அதில் பாதி உண்மை இருந்தது, அதுதான் அசிமினாவுக்கு எரிச்சல். பெரியவர்கள் போய்விட்டால் பண்டைக் கல்லரங்குகளைப் பார்த்துக்கொள்ளும் அரசாங்கத் தொல்லியல்காரர்கள் சின்னக் குழுக்களுக்குக் கதவைக்கூடத் திறக்க மாட்டார்கள். வோலோஸில் இருக்கும் அவள் குழு எப்படியாவது தாக்குப்பிடிக்கும். தீவுக் குழுக்கள் மூடிவிட்டுப் போகவேண்டியதுதான்.

கோடை முழுக்க அவள் தூங்கினாளா என்பது சந்தேகம். ராணி வேடம் போடுகிறவளுக்குத் தொண்டை கட்டியபோது வேறு ஊரிலிருந்து இன்னொரு ராணியைக் காரில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினாள். ஓரிடத்தில் லாரி குடை சாய்ந்தபோது அரண்மனை இல்லாமலேயே நாடகம் நடந்தது, யாரும் அரண்மனையைக் கேட்கவும் இல்லை. இப்படியே ஒன்றுகூட நிற்காமல் ஆகஸ்ட் முடியப்போகிறது. பாக்கி ஒரே ஒரு நாடகம். லிகோவூனி மலையடிவாரத்துக் கல்லரங்கில், சிமி தீவுக் குழுவுடையது. மறுநாள் காலை அதே ஊரில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். அதனால் நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் குழுத் தலைவர்கள் நாடகத்துக்கு முந்தின நாளே வந்து அங்கிருந்த ஒரே விடுதியை நிறைத்திருந்தார்கள்.

நாடகத்தன்று காலையில் எல்லாரும் விடுதி முற்றத்தில் தயிரும் தேனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பனோர்மிட்டிஸ் வந்து நின்றான். சிமிக் குழுவின் தலைவன், முப்பத்தைந்து வயது இருக்கும், பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவன். ராணியையும் தூதனையும் மேடைச் சாமான்களையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் முன்பே வந்துவிட்டான். ஊராராக நின்று சேர்ந்து பாடும் கோரஸ் மட்டும் கடைசிக் கப்பலில் வரவேண்டும், ஏனென்றால் அவர்கள் மீன்பிடிக்கிறவர்கள், ரொட்டி சுடுகிறவர்கள், ஓட்டலில் வேலை பார்க்கிறவர்கள். ஆகஸ்டில் தீவை விட்டு அதற்குமுன் அசைய முடியாது.

"அக்கா, காத்து. துறைமுகத்துல எந்தக் கப்பலையும் வெளிய விடலை. பதினஞ்சு பேரும் கரையில மூட்டை மேல உக்காந்திருக்காங்க" என்றான்.

முற்றத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. கோரஸ் இல்லாமல் பழைய நாடகம் இல்லை. ராணி இல்லாவிட்டால்கூட எப்படியாவது ஒப்பேற்றலாம், அவள் உள்ளே அழுகிறாள் என்று தூதன் வந்து சொல்லிவிடுவான். ஊரார் இல்லாமல் ராணி யாரிடம் பேசுவாள்? எல்லார் கண்ணும் முதலில் அசிமினாவைப் பார்த்தது, பிறகு அரிஸ்டிடிஸைப் பார்த்தது. அவர் தேனை வழித்து வாயில் போட்டுக்கொண்டார். சந்தோஷப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவு மரியாதை அவரிடம் உண்டு.

ரத்து அறிவிப்பை இப்போதே போட்டுவிட்டால் சனங்கள் வெயிலில் வண்டி பிடித்து வராமல் இருப்பார்கள் என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். அசிமினா காதில் வாங்கவில்லை. அவள் முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். முப்பது நாற்பது வருஷம் மேடையில் நின்ற ஆட்கள், ஆளுக்கு ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். இதற்கா ஒருத்தி கவலைப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"கோரஸ் இங்கதான உக்காந்திருக்கு" என்றாள். "சாப்பிட்டு முடிச்சவங்க எந்திரிங்க."

சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் சண்டை போட்டார்கள். கிரீட் குழுவின் பெலாகியா, அறுபது வயதுக்காரி, கோரஸில் நின்று இருபத்தைந்து வருஷம் ஆகிறது, மறுபடியும் இரண்டாம் வரிசையில் நிற்கத் தன் முட்டி ஒத்துக்கொள்ளாது என்றாள். தெசலோனிக்கியின் ஹரிலாவோஸ் நாற்காலி நிறைந்த மனிதர். தீவுக்காரர்களின் அங்கி தன்னைச் சுற்றி வருமா என்று நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டார். ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை என்பதை அசிமினா கவனித்தாள். ஒரு நடிகனிடம் இன்று மாலை நாடகம் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும், அவன் முனகிக்கொண்டே தலையை வாரத் தொடங்கிவிடுவான். எண்ணிப் பார்த்ததில் அவளையும் பனோர்மிட்டிஸையும் சேர்த்துப் பதினான்கு பேர் தேறினார்கள்.

பதினைந்தாவது ஆளுக்காக அவள் நேரே அரிஸ்டிடிஸின் மேசைக்குப் போனாள். சுற்றி வளைக்காமல் கேட்டாள். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் நின்னா அந்த நாடகம் நடந்துரும், தெரியும்ல? நாளைக்கு எனக்கு அது நல்லதில்லையே."

"நீங்க இல்லாம நாங்க தோத்தா, பெரியவர் ஒருத்தர் கூட நின்னிருந்தா நடந்திருக்கும்னு ஊர் பேசும். அதுவும் உங்களுக்கு நல்லதில்லை."

அவர் காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு, நாளைக் காலைத் தீர்மானத்தில் எந்த மாற்றமும் இல்லை, நிற்பது நாடகத்துக்காக மட்டும்தான், அவளுக்காக அல்ல என்று பெலாகியாவையும் ஹரிலாவோஸையும் சாட்சி வைத்துச் சொல்லிவிட்டு எழுந்தார். அசிமினாவுக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது, ஒரு குத்து விட வேண்டும் போலவும் இருந்தது.

நாடகம் என்னவோ எல்லாருக்கும் மனப்பாடம். முற்றுகையிடப்பட்ட ஊர். வெளியே ஒரு கூட்டம் இருட்டில் வந்து கதவைத் தட்டுகிறது. அது பகைவர்களா, போரிலிருந்து திரும்பிய சொந்தப் பிள்ளைகளா என்று தெரியவில்லை. திறப்பதா வேண்டாமா என்று ராணி தவிக்கிறாள், ஊர்ப் பெரியவர்கள் அவளைச் சுற்றி நின்று பயப்படுகிறார்கள். அந்தப் பெரியவர்கள்தான் கோரஸ். சங்கத்தில் இந்த நாடகத்தைப் போடாத குழு கிடையாது. அதனால் மத்தியானம் ஒத்திகைக்குக் கூடியபோது பனோர்மிட்டிஸ், முதலில் பாட்டா நடையா என்று கேட்டதும் எல்லாரும் ஒரே குரலில் நடை என்றார்கள். வசனத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம் தம்பி, உன் குழு எந்தக் காலை முதலில் வைக்கும், எங்கே திரும்பும், அதை மட்டும் காட்டு என்றார்கள்.

அவன் காட்டினான். விடுதிக்குப் பின்னால் ஆலிவ் மரங்களுக்கு நடுவில், நாட்டின் பேர்பெற்ற நடிகர்கள் கைத்தடி ஊன்றிக்கொண்டு வட்டம் சுற்றினார்கள். ஹரிலாவோஸ் ஒவ்வொரு திருப்பத்திலும் அரை அடி பிந்தினார். நடுவில் யார் நிற்பது என்று ஒரு தகராறு வந்தது. ஐந்து பேர் தானாகவே நடுவில் போய் நின்றிருந்தார்கள். குழு பனோர்மிட்டிஸுடையது, நடுவில் அவன்தான் நிற்பான், அவனுக்கு வலப்பக்கம் அரிஸ்டிடிஸ், இடப்பக்கம் தான் என்று அசிமினா தீர்த்து வைத்தாள். ஒரு கணக்கு வாத்தியாருக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியதாயிற்றே என்று அரிஸ்டிடிஸ் முகத்தைச் சுளித்தார். ஆனால் நடையை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். முழு ஒத்திகையில் வாய் திறக்கவே இல்லை, யாரும் திறக்கவில்லை. மாலைக்குக் குரலைச் சேமித்தார்கள்.

இந்தச் சங்கத்தாரைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் சனங்கள் வந்து நிறைந்தார்கள். பழங்கல் கீறாமலிருக்க வாசலிலேயே குதிகால் உயர்ந்த செருப்புகளைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் படியேறினார்கள், மெத்தைத் திண்டுக்காரன் அலைந்து விற்றான், சூரியகாந்தி விதை கொறிக்கும் சத்தம் படிப்படியாகக் கீழே இறங்கி வந்தது. கோரஸில் யார் யார் என்ற செய்தி எப்படியோ கசிந்து, பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆள் வந்திருந்தது. மேடைக்குப் பின்னால் பெலாகியா எல்லார் நெஞ்சிலும் மூன்று முறை பொய்யாகத் துப்பித் திருஷ்டி கழித்தாள். ஹரிலாவோஸின் அங்கி முன்பக்கம் மூடவில்லை, இரண்டு ஊக்கு குத்திச் சமாளித்தார்கள்.

ராணி வந்தாள், கதவு தட்டப்பட்டது, கோரஸ் உள்ளே நடந்தது. அந்த நடையைப் பார்த்தே படிகளில் கைதட்டல் எழுந்தது. அசிமினாவுக்கு வயிறு குளிர்ந்தது. பதினைந்து பேரும் வட்டத்தில் நின்றார்கள், கைத்தடியை ஊன்றினார்கள், மூச்சிழுத்தார்கள், முதல் பாட்டைத் தொடங்கினார்கள்.

நாடகம் எழுதப்பட்ட அந்தப் பழைய மொழியை இன்று யாரும் பேசுவதில்லை. ஒவ்வொரு குழுவும் அதை இன்றைய பேச்சுக்குத் தன் கையாலேயே மாற்றி வைத்திருக்கிறது. அந்த மொழிபெயர்ப்பு ஒரு குழுவுக்குக் குலதெய்வம் மாதிரி, அதில் ஒரு சொல்லை மாற்றச் சொன்னால் வெட்டுப்பழி. முப்பது வருஷம் ஒரே சொற்களைச் சொல்லிச் சொல்லி, அவைதான் நாடகம், வேறு ஒன்று கிடையாது என்று ஒவ்வொருவருக்கும் ஆகிவிட்டது. அசிமினாவுக்கும்தான். அவள் வாயைத் திறந்து தன் முதல் வரியைச் சொன்ன அதே நொடியில், வலப்பக்கம் வேறு சொற்கள், இடப்பக்கம் வேறு சொற்கள், பின்னால் பெலாகியா முற்றிலும் வேறு ஏதோ ஒன்று. பதினைந்து பயிற்சி பெற்ற குரல், அத்தனையும் முழுப் பலத்தோடு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. மீன் சந்தை தோற்றது.

இரண்டாவது வரியில் சிலர் நிறுத்தினார்கள், சிலர் மற்றவர்களை அமுக்கிவிடலாம் என்று இன்னும் உரக்கச் சொன்னார்கள். ஹரிலாவோஸ் பயத்தில் முதல் வரிக்கே திரும்பிப் போனார். படிகளில் யாரோ சிரித்தார்கள். ராணி வேடக்காரி ஒப்பனைக்குள் வெளிறிப்போய் நின்றாள். பனோர்மிட்டிஸ் அசிமினாவை ஒரு பார்வை பார்த்தான், ஒரு வகுப்பே பரீட்சையில் தோற்றதைப் பார்க்கிற வாத்தியாரின் பார்வை.

எல்லாம் போயிற்று என்று அவளுக்கு ஒரு கணம் உறுதியாகவே தெரிந்தது. தன் குழு, தீவுக் குழுக்கள், தன் வாய்க்கொழுப்பு எல்லாம் கண்முன் வந்து போயின. அடுத்த கணம் அவளுக்கு ஆத்திரம் வந்தது. அவளுடைய நல்ல காரியங்கள் பாதி ஆத்திரத்தில் பிறந்தவை. கைத்தடியை ஓங்கிக் கல்லில் ஒரு தட்டுத் தட்டினாள். அந்தச் சத்தம் உச்சிப் படிவரை போய்த் திரும்பியது. கோரஸ் கப்பென்று அடங்கியது. நாடகம் நின்றது.

அவள் ஓரடி முன்னால் வந்தாள். ராணியைப் பார்த்து, பாட்டாக அல்ல, பேச்சாக, தனியாகச் சொன்னாள்:

"வாசல்ல நிக்கிறது யாருன்னு தெரியாம எந்த ஊரு தூங்கும்?"

சொல்லிவிட்டு அவள் வேண்டுமென்றே பெலாகியாவின் பக்கம் திரும்பினாள். இருவரும் இருபது வருஷச் சண்டைக்காரிகள், ஒருத்தி கண்ணை ஒருத்திக்குப் படிக்கத் தெரியும். பெலாகியா இரண்டாம் வரியைச் சொல்லவில்லை. அதே முதல் வரியை, தன் மலைநாட்டுச் சொற்களில், சண்டைக்கு வந்தவள் போலச் சொன்னாள்:

"கதவுக்கு அந்தாண்ட எவன்னே தெரியலை, இதுல உனக்குக் கண்ணு சொக்குதா?"

ராணி வேடக்காரி திடுக்கிட்டுத் திரும்பினாள். அது நடிப்பே அல்ல, ஆனால் அதைவிட நல்ல நடிப்பை அவள் அந்தக் கோடையில் காட்டியிருக்க மாட்டாள். ஹரிலாவோஸுக்கும் புரிந்துவிட்டது. அவர் அடுத்த வரியை நடுங்கும் குரலில் சொன்னார், நடுக்கம் நிஜம். அவருக்கு அடுத்தவர் அதையே மறுத்துச் சொல்வதுபோல் வேறு சொற்களில் சொன்னார். ஒரு வரி வாய்க்கு வாய் போயிற்று. பயந்துபோன ஒரு ஊரில் ஆளுக்கு ஒரு விதமாக ஒரே பயத்தைப் பேசமாட்டார்களா? அப்படித்தான் இருந்தது. ஒருத்தன் குழைந்தான், ஒருத்தி அதட்டினாள், ஒருவர் கடவுளைக் கூப்பிட்டார். படிகளில் விதை கொறிப்பது நின்றுவிட்டது.

வரிசை சுற்றி அரிஸ்டிடிஸிடம் வந்தது. பாட்டின் கடைசி வரி, ராணியை நேராகக் கேட்கும் வரி. அதை அவர் எப்படிச் சொல்வார் என்பது நாட்டுக்கே தெரியும். 'திறவாக் கதவின் பின்னே திகைத்திருப்பது அரசோ, அச்சமோ' என்று நெஞ்சை நிமிர்த்தி, கடைசிச் சொல்லை உச்சிப் படியில் கொண்டுபோய் வைப்பார். அசிமினா அதற்காகக் காத்திருந்தாள். அவர் பேசவில்லை. கைத்தடியைப் பிடித்தபடி ராணியையே பார்த்துக்கொண்டு நின்றார். நேரம் போயிற்று. நம்மைக் கவிழ்க்கத்தான் இந்த ஆள் வந்து நின்றாரா என்று அவளுக்குள் ஒரு சந்தேகம் எழுந்தது.

பிறகு அவர் மிக மெதுவாக, ஒரு கிழவன் இன்னொரு கிழவனிடம் திண்டாட்டத்தைச் சொல்வதுபோல் சொன்னார்:

"கதவு சாத்தியிருக்கு மகளே. பயம் உள்ளதான் இருக்கு."

அவ்வளவுதான். ஆனால் அது உச்சிப் படிவரை போயிற்று. அங்கே ஒரு பெண் மூக்கை உறிஞ்சியது கீழே கேட்டது. அது அவருடைய மொழிபெயர்ப்பு அல்ல என்பது அசிமினாவுக்கு உடனே தெரிந்தது. யாருடையது என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை, ராணி அதற்குள் பதில் பேசத் தொடங்கிவிட்டாள்.

அடுத்த பாட்டுகள் எல்லாம் அப்படியே வாய்க்கு வாய் போயின. நடுநடுவே ஒருவர் சொல்லை இன்னொருவர் தெரியாமல் எடுத்துக்கொள்ளவும் செய்தார்கள். கடைசியில் கதவு திறந்து, ராணி இருட்டைப் பார்த்து நின்றபோது, சனங்கள் எழுந்து கல்லைக் காலால் உதைத்துக் கைதட்டினார்கள். பனோர்மிட்டிஸ் கைபேசியை உயர்த்தி, துறைமுகத்தில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த தன் ஆட்களுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தான். ஹரிலாவோஸ் ஊக்கு அவிழ்ந்த அங்கியோடு எல்லாரையும் முத்தமிட்டார். அரிஸ்டிடிஸ் யாருடனும் பேசாமல் விடுதிக்குப் போய்விட்டார்.

காலையில் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம் கூடியது. எல்லாருக்கும் நல்ல மனநிலை. காப்பியும் சீஸ் வைத்த பிட்டா ரொட்டியும் வந்தன, மேசைக்கு மேசை சத்தம். நேற்று யார் சொன்ன வரி எங்கே எடுபட்டது என்பதுதான் பேச்சு. ஒவ்வொருவர் கணக்கிலும் தன் வரிதான் எடுபட்டிருந்தது. அசிமினா தலைமை நாற்காலியில் உட்காராமல் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்துச் சத்தம் குறைந்தது.

"ஒரு விஷயத்தை முதல்ல முடிச்சுருவோம். நேத்து நாடகம் நின்னுச்சு. கொஞ்ச நேரம்தான், ஆனா நின்னுச்சு. நிறுத்தினது நான்தான். குளிர்காலத்துல நான் ஒரு வாக்குக் கொடுத்தேன். பிரிவுத் தீர்மானத்தை யார் கொண்டுவந்தாலும் கொண்டுவாங்க, முதல் கை இதோ."

அவள் கையைத் தூக்கினாள். பெலாகியா, அடியே உனக்குப் பைத்தியமா என்று வாய்விட்டே கேட்டாள். தீவுக்காரர்கள் உட்கார்ந்திருந்த மேசையில் ஒருவரும் அசையவில்லை. அசிமினாவுக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்ன சொல்லைப் பாதி விழுங்கிவிட்டு அந்த நாற்காலியில் அவளால் உட்கார முடியாது. அப்படி உட்காருவதைவிட வோலோஸுக்கு பஸ் பிடிப்பது எவ்வளவோ மேல் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தூக்கிய கையோடு நேரே அரிஸ்டிடிஸைப் பார்த்தாள். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

அவர் எழுந்தார். மேசையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார், அவர் அப்படிப் பிடித்து அவள் பார்த்ததில்லை.

"நீ எப்ப கட்டையைத் தட்டினே? ரெண்டாவது வரியில" என்றார். "நான் முதல் வரியிலேயே செத்துட்டேன். சுத்தி ஆளுக்கு ஒரு வார்த்தை. காதுல அதெல்லாம் விழ விழ என் வார்த்தை ஒண்ணொண்ணா கழண்டு போச்சு. முப்பது வருஷமாச் சொல்றேன், ஒரு எழுத்துக்கூட இல்லை. சும்மா வாயை ஆட்டிட்டு நின்னேன்."

கூடத்தில் யாரும் பிட்டாவைத் தொடவில்லை.

"கடைசி வரி என்கிட்ட வந்துச்சு. நீங்கள்லாம் பெரியவர் என்னமா நிறுத்திச் சொல்றார்னு நினைச்சிருப்பீங்க. இன்னிக்குப் பேப்பர்காரனும் அதான் எழுதியிருக்கான். நான் நிறுத்தலை. எனக்குத் தெரியலை. எங்க ஓடுறதுன்னு பார்த்துட்டு இருந்தேன்." அவர் திரும்பித் தீவுக்காரர்கள் மேசையைப் பார்த்தார். "இந்தக் கணக்கு வாத்தியார் உதட்டை அசைக்காம காதுல சொன்னான். அவன் சொன்னதைத்தான் நான் சொன்னேன். அது அவன் குழுவோட வரி. நான் சொல்றதைவிட நல்லா இருந்துச்சு, அந்தக் கோவம் எனக்கு இன்னும் போகலை."

பனோர்மிட்டிஸ் காது சிவந்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதை அவன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தால் ஒரே நாளில் நாடெங்கும் போயிருக்கும், அரிஸ்டிடிஸால் தன் வீட்டை விட்டே வெளியே வந்திருக்க முடியாது. இரவெல்லாம் மற்றவர்கள் அவனோடு சேர்ந்து ராக்கிச் சாராயம் குடித்தார்கள், அப்போதும் அவன் வாயைத் திறக்கவில்லை. அசிமினா அவனையே பார்த்தாள். தூக்கிய கையை இறக்க மறந்தே போனாள்.

"இவனை விட்டுட்டுப் போயிட்டு அடுத்த தடவை எனக்கு மறந்தா நான் யார் பக்கத்துல நிக்கிறது?" என்று கேட்டார் அரிஸ்டிடிஸ். யாரையும் குறிப்பாகக் கேட்கவில்லை. பிறகு அவருக்கே உரிய பெரிய குரலில், "என்கிட்ட தீர்மானம் எதுவும் இல்லை. கையை இறக்கு தாயே, வலிக்கப்போகுது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அவள் கையை இறக்கினாள். வேறு யாராவது தீர்மானம் கொண்டுவருகிறார்களா என்று முறைப்படி ஒரு தரம் கேட்டாள். பெரிய குழுக்களின் மேசையில் ஒருவர் இருமினார், அவ்வளவுதான். அசிமினா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அடுத்த கோடைக்கு எந்த அரங்கு யாருக்கு என்ற விஷயத்தை எடுத்தாள். ஹரிலாவோஸ் ஜூலையில் இரண்டு சனிக்கிழமை கேட்டார். பெலாகியா அவை முன்பே தனக்கென்று பேசி முடிந்தவை என்று சத்தியம் செய்தாள். அரிஸ்டிடிஸ் இருவரையும் அதட்டிவிட்டு அதே சனிக்கிழமைகளைத் தனக்குக் கேட்டார். மத்தியானச் சாப்பாடு வரும்வரை சண்டை ஓயவே இல்லை.